எழுதி வாங்கியாச்சு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருவதுண்டு. வந்தால், கொடுத்த டீ ஆறுவதற்குள் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள். எந்தப் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும், எந்தப் பிள்ளையின் பிரச்சினையை வீட்டோடு பேசி முடித்துவிடலாம்? சட்டப் புத்தகத்தில் இருக்கிறதே என்றால், "அதைப் படிச்சுட்டுத்தான் மேடம் குழப்பமே" என்கிறார்கள். நியாயம்தான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்காக ஓடி ஓடி ஓய்வு பெற்ற எனக்கே அந்தக் கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. காலையில் பல் துலக்கும்போது ஏதோ ஒரு பிள்ளையின் ஞாபகம் வரும். அன்றைக்குச் செய்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டு வாய் நிறைய நுரையோடு நிற்பேன்.

என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப காலத்திலிருந்தே நானாகவே ஒரு அளவுகோல் வைத்திருந்தேன். வாசல் கூட்டியிருக்கிறதா, பாத்திரம் கழுவியிருக்கிறதா, நம்மைக் கண்டதும் "வாங்க" என்று நாற்காலி எடுத்துப் போடுகிறார்களா. இவை இருந்தால் நல்ல குடும்பம், பேசி முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் குழு. பூலாம்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு மக்காச்சோளம் ஒடிக்கப் போயிருந்தார்கள். வீடு கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பிள்ளைகளைக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மாக்காரி காட்டிலிருந்து வந்த கோலத்திலேயே பஸ் ஏறி ஓடி வந்தாள். அன்றைக்கு அங்கன்வாடி விடுமுறை, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது, மணிக்கொரு தடவை திறந்து பார்க்கிறாள் என்று சொன்னாள். குழு அரை மணி நேரத்தில் பிள்ளைகளை அவளோடு அனுப்பிவிட்டது. அறுவடை முடியும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தால் போதும். அவளே கேட்டிருப்பாள். நான் அவளை வாயைத் திறக்க விட்டால்தானே?

அந்த அளவுகோல் அழுக்கு வீட்டில் தப்பாகிப்போனதில் பெரிய கெடுதல் நடக்கவில்லை. சுத்தமான வீட்டில் அது தப்பானபோதுதான் ஒரு உயிர் போகப் பார்த்தது.

அந்தப் பெண்ணை அபி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் என்னோடு இருக்கட்டும். குன்னம் தாலுகாவில் ஒரு சிற்றூர். ஏழாம் வகுப்பு படித்தாள். ஒரு வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை. அதற்கு மாத்திரை கிடையாது, பத்தியம் போதாது. தினமும் சாப்பாட்டுக்கு முன்பு இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போய் ஆளையே கொண்டுபோய்விடும். அப்படி மயங்கிய நிலையில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டாள். "ஊசி போடாம விட்டிருக்காங்க, ஏன்னு விசாரிங்க" என்று டாக்டர் எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தார்.

அபி வீடு திரும்பிய பிறகு ஜீப்பில் போய் இறங்கினேன். வீட்டைப் பார்த்ததுமே என் மனசு குளிர்ந்துவிட்டது. சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசல். அப்பா வாயில்லாப் பூச்சி, ஆனால் அபி இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிற ஆள். அம்மா எந்த வேளைக்கு எத்தனை அளவு மருந்து என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மருந்தைக் குளிர்ச்சியாக எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். வெங்காயத்தைச் சேர்த்து வைக்க, காற்று போவதற்காகக் கல்லின் மேல் தூக்கிக் கட்டிய வெங்காயப் பட்டறை இருந்தது. அதன் அடியில், நிழலில், ஒரு மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் இன்னொரு சின்னப் பானை, அதற்குள் மருந்துப் புட்டி. மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். நான் அசந்துபோனேன். எவ்வளவு கெட்டிக்காரி!

"அப்புறம் ஏன் ஊசி விட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

"மாரியம்மன் திருவிழாங்க. கூட்டத்துல மறந்துபோச்சுங்க. இனிமே நடக்காதுங்க" என்றாள்.

நான் சொன்னதற்கெல்லாம் இருவரும் "சரிங்க, சரிங்க" என்றார்கள். சர்க்கரை அளவை நோட்டில் எழுதணும். சரிங்க. மாதாமாதம் செக்கப். சரிங்க. நம் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். என் சொந்தக்காரர்கள் விஷயத்தில் நன்றாகத் தெரியும். ஆபீஸ் ஜீப்பில் ஏறினால் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

அடுத்ததாக, நம் இலாகாவின் குலதெய்வ வழிபாடு. எழுதி வாங்குவது. வெள்ளைத் தாள், அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து, சாட்சிக்கு இரண்டு பேர். 'என் மகளுக்குத் தினமும் தவறாமல் ஊசி போடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.' நீங்களும் எழுதி வாங்குவீர்கள், வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாள் கைக்கு வந்ததும் உடம்பில் ஒரு அலுப்புத் தீருமே, அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அபியின் அப்பா கடைக்குப் போய்க் கலர் வாங்கி வந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியில் டிரைவரிடம், "தங்கமான குடும்பம்ப்பா" என்றேன். ஆபீஸில் கேட்டவர்களிடம், "எழுதி வாங்கியாச்சு" என்றேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். "அந்தப் புள்ளைய மறுபடியும் கொண்டாந்திருக்காங்க மேடம். போன தடவைய விட மோசம்."

நான் போனபோது அபிக்கு நினைவில்லை. ஓடி வந்து நிற்கிறவள் போல அவ்வளவு வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையில் ஒரு பிள்ளை அப்படி மூச்சு விடுவதைப் பார்க்கவே முடியவில்லை. என் கையில் அவளுடைய ஃபைல். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபைலைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து நர்ஸிடம் காட்டினேன். நாங்கள் சும்மா இருக்கவில்லை, எழுதி வாங்கியிருக்கிறோம் என்றேன்.

அவளுக்கு என்னைவிட இருபது வயதாவது குறைவு. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இது உங்களுக்கு வாங்குனது மேடம். அவளுக்கு என்ன வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, டிரிப் பாட்டில் மாற்றப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறவர்கள் மேல் முதலில் எனக்குக் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம். வராந்தாவில் போய் உட்கார்ந்து அவளை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். திட்டித் தீர்ந்த பிறகு, அவள் கேட்ட கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது.  அழுகை வந்தது.

மூன்றாம் நாள் அபி எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஏன் கண்ணு ஊசி போட்டுக்கல?" என்று கேட்டேன். அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். இது எப்போதும் நடப்பதுதான். பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் அது அவர்கள் காதில், தப்புப் பண்ணிட்டியே என்று விழுகிறது. அதனால் கேள்வியை விட்டுவிட்டு, அந்த நாட்களைப் பற்றிக் கதை கேட்பது போலக் கேட்டேன். எங்கே போனீர்கள், எந்த பஸ், யார் யார் வந்திருந்தார்கள், என்ன சாப்பாடு? இதற்கெல்லாம் சட்சட்டென்று பதில் வந்தது.

"பெரியப்பா வூட்டுக்குப் போனோம் மேடம், ஆலத்தியூருக்கு. அக்காவுக்கு நிச்சயம். மூணு நாளு இருந்தோம். வூடு முழுக்க ஆளுங்க."

"மருந்து எடுத்துட்டுப் போனீங்களா?"

"ம். மொத நாளு பாத்ரூம்ல உக்காந்து போட்டுக்கிட்டேன். வெளியில கதவத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அவசரத்துல புட்டி கீழ விழுந்து ஒடஞ்சிடுச்சு."

"ஆஸ்பத்திரியில வேற வாங்கலாமே?"

"வாங்குனாலும் போட எடம் இல்ல மேடம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாளுதான், பல்லக் கடிச்சுக்கிட்டு இருடின்னாங்க. சொல்லிட்டு அவங்க அழுதாங்க."

போட இடம் இல்லை. இந்த மூன்று வார்த்தையை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேனோ தெரியாது. பெரியப்பாவுக்கு மாடி வீடாம், நாலு ரூமாம், ஒரு பிள்ளை ஊசி போட்டுக்கொள்ள இடம் இல்லை. அப்போதுதான் அந்த வெங்காயப் பட்டறை எனக்குப் புரிய ஆரம்பித்தது. வேளைக்கு வேளை எடுக்க வேண்டிய மருந்தை யாராவது அடுப்படியை விட்டு அவ்வளவு தள்ளி, சாக்குப் போட்டு மூடி வைப்பார்களா? நிழலான மூலை வீட்டுக்குள் இல்லையா என்ன? அது குளிர்ச்சிக்காக மட்டும் வைத்த இடம் இல்லை, ஒளித்து வைத்த இடம். விருந்தாளி போகாத இடம். முதல் தடவை திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இரண்டாவது தடவை நிச்சயதார்த்தம். மறதியால் ஊசி தவறவில்லை. ஆள் கூடும்போதெல்லாம் தவறியிருக்கிறது. என் கண் முன்னால் அம்மாவே பானையைத் திறந்து காட்டினாள், நான் மெச்சிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல் குழு முன்னால் கொண்டுபோக வேண்டியதுதான் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு இழுத்தது. பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கிற அம்மா அப்பா. அவர்களைக் கூப்பிட்டு விசாரணை என்று நிறுத்தினால், மறைக்க நினைப்பதே வெளியே வந்துவிட்டது என்று பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டால்? அங்கே அந்தப் பிள்ளையை யார் தேடுவது? ஆபீஸிலும், "பாசமான குடும்பம், இன்னொரு தடவை எழுதி வாங்கிட்டு விட்டுடலாமே" என்றார்கள். இதெல்லாம் வெறும் சாக்கு என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே நடக்கக்கூடியவைதான்.

அபியின் அம்மா மாற்றுத் துணி எடுத்து வர ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்தது. ஜீப் வேண்டாம் என்று டவுன் பஸ்ஸில் போனேன். ஜீப் நின்றால் ஊரே கூடிவிடும். அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல், "அபி விஷயத்தைக் குழுவுக்குக் கொண்டுபோகப் போறேன்மா" என்றேன். அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்து அதற்கான பதிலையும் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். எழுந்து போய் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆர்டர் போடுவாங்களா மேடம்?"

"போடுவாங்க."

"வாயால சொல்றது இல்லையே? எழுத்துல, முத்திரை குத்தி?"

"ஆமா."

"அப்ப வாங்கிக் குடுங்க மேடம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள். "எங்க மூத்தாரு, இவரோட அண்ணன், அவருதான் எங்களுக்கு எல்லாம். இவரு அவரு முன்னாடி நின்னு பேசுனதே இல்ல. அவரு பொண்ணுக்கு இப்பத்தான் சம்பந்தம் கூடி வந்திருக்கு. எங்க வூட்டுல சின்னப் புள்ளைக்கே சக்கரை, ஊசின்னு தெரிஞ்சா, பரம்பரை வியாதின்னு சொல்லி மாப்ள வூட்டுல பின்வாங்கிடுவாங்கன்னு அவருக்குப் பயம். நாளைக்கு அபிய யாரு கட்டுவான்னும் கேக்குறாரு. ஊசி போடாதன்னு அவரு சொல்லல மேடம். வெளியில தெரியாமப் போடுன்னுதான் சொன்னாரு. நீங்களே சொல்லுங்க, நூறு பேரு இருக்கற வூட்டுல வெளியில தெரியாம எங்க போடுறது? நான் சொன்னா எடுபடாது. கவர்மென்ட் சொல்லிடுச்சுன்னா நான் என்ன பண்ணட்டும்னு கையை விரிச்சுடுவேன்."

அத்தனை வருடமும் குழு விசாரணை என்றால் கெட்ட பெற்றோரை மிரட்டுகிற குச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவுக்கு மனசு இருந்தது, அறிவு இருந்தது, பலம் மட்டும்தான் இல்லை. அதை நான் கொடுத்திருக்க முடியாது, அவளிடம் எழுதி வாங்கியும் வரவழைத்திருக்க முடியாது. வீட்டுக்குள் ஒருவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது என்றால், அதைவிடப் பெரிய சொல் வெளியிலிருந்து வர வேண்டும். அன்றையிலிருந்து நான் நல்ல குடும்பமா, கெட்ட குடும்பமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். உத்தரவு இல்லாமல் நான் இப்படியே திரும்பிப் போனால் நாளைக்கு இந்த வீட்டில் என்ன மாறும் என்று கேட்டுக்கொள்வேன். தானாக மாறும், அதற்கு உதவி மட்டும் போதும் என்றால் உதவியைச் செய்துவிட்டு ஒதுங்கிவிடலாம். ஒன்றும் மாறாது, மாறாததால் பிள்ளைக்கு ஆபத்து என்றால், எவ்வளவு அன்பான வீடாக இருந்தாலும் குழுதான்.

இப்படித் தெளிவாகச் சொல்கிறேனே தவிர, அடுத்த நாளே அந்தத் தெளிவு ஆட்டம் கண்டது. குழு என்று எப்படியோ கேள்விப்பட்டு, அபியின் பெரியப்பா ஆபீஸுக்கு வந்துவிட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு வருவார் என்று பார்த்தால், மனிதர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். ஆலத்தியூரில் லாரி வைத்து ஓட்டுகிறவர். அபி தன் மடியில் வளர்ந்த பிள்ளை என்றார். அது பொய் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் காரில் தூக்கி வந்தவரே அவர்தான்.

"நாப்பது நாளுல கல்யாணம் மேடம். அது முடிஞ்சுடட்டும். அப்புறம் எந்தக் குழுவுல வேணாலும் வைங்க, நானே கூட்டிக்கிட்டு வரேன். இப்ப வேணும்னா எழுதித் தரேன். தம்பி எழுதுனது கெடக்கட்டும், நான் எழுதுறேன். என் பேச்சு மாறாதுங்க, ஊருல விசாரிச்சுப் பாருங்க" என்றார்.

சொன்னால் நம்புங்கள், என் கை மேசை டிராயரைத் திறந்து வெள்ளைத் தாளை எடுத்துவிட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெறும் நாற்பது நாள். ஒரு பெண்ணின் கல்யாணம். அந்த வீட்டின் பெரிய தலையே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறது, இதைவிட உறுதி என்ன வேண்டும்? தாளை அவர் பக்கம் நகர்த்தும்போதுதான் ஒரு கேள்வி தோன்றியது. மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு அபி உங்க வூட்டுக்கு வருவாளே, அப்ப எந்த எடத்துல உக்காந்து ஊசி போட்டுக்குவா?"

"மாடி ரூம்ல..." என்று ஆரம்பித்தார். "அதுல சம்பந்தி வூட்டுக்காரங்க தங்குவாங்க. கீழ ரூம்ல பொண்ணுக்கு அலங்காரம். பின்னாடி சமையக்காரங்க இருப்பாங்க..." என்று ஒவ்வொன்றாக வீடு முழுக்கச் சுற்றி வந்தார். கடைசியில் மேசை மேல் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டேன்.

விசாரணை நாளன்று எல்லோரும் வந்திருந்தார்கள். குழு என்றால் கோர்ட்டு மாதிரி உயர்ந்த மேடை கிடையாது. ஒரு அறை, ஒரு நீள மேசை, தலைவரும் உறுப்பினர்களும். வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது, பிள்ளையின் பெயர் வெளியே போகாது. என் அறிக்கையில் அந்தப் பழைய கடிதத்தையும் சேர்த்து, அதை நம்பி நான் ஃபைலை மூடிவிட்டதையும் எழுதியிருந்தேன். எழுதும்போது கை வலித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தலைவராக இருந்த அம்மையார் அபியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

அபி, "ஊசி போடும்போது யாரும் கதவத் தட்டக் கூடாது" என்றாள்.

அப்போது ஓர் உறுப்பினர், கல்யாணம் முடியும் வரை இவளை அரியலூரில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் தங்க வைத்துவிடலாமே, அங்கே வேளா வேளைக்கு ஊசி போடுவார்கள் என்றார்.  அவர் சொன்னது தப்பில்லை, உயிர் முக்கியம். ஆனால் குழு முன்னால் ஒரு பிள்ளையைக் கொண்டுபோனால் அது எந்தப் பக்கமும் போகலாம் என்பதை அந்த நிமிடத்தில்தான் உடம்போடு உணர்ந்தேன். அபியின் அம்மா என்னைப் பார்த்தாள். நீதானே இங்கே கூட்டி வந்தாய் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அதற்கு முன்பே அபியின் அப்பா எழுந்து நின்றார். அந்த மனிதர் குரலை அதுவரை நான் சரியாகக் கேட்டதுகூட இல்லை.

"அனுப்பாதீங்கம்மா. நான் போடுறேன். எங்க போனாலும், யாரு இருந்தாலும், நானே ஊசி போடுறேன்."

"உங்க அண்ணன் வூட்டுலயும் போடுவீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

அவர் தலைவரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் பக்கம் திரும்பினார்.  "ஆமாண்ணே. ஒங்க வூட்டுலயும் போடுவேன். நடுக்கூடத்துல வச்சுப் போடுவேன்" என்றார்.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். 

அபி பெற்றோரிடமே இருக்கலாம் என்று உத்தரவானது. எங்கள் ஆபீஸ் மேற்பார்வை. கிராம சுகாதார நர்ஸ் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அவள் யார் வீட்டில் தங்கினாலும், ஒளித்து மறைக்காமல் ஊசி போட்டுக்கொள்ளும் வசதியும் நேரத்துக்குச் சாப்பாடும் செய்து தருவது அந்த வீட்டாரின் பொறுப்பு. முத்திரை குத்திய தாளை அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். வெளியே வந்ததும், "நாலு ஜெராக்ஸ் எடுக்கணும் மேடம், எங்க எடுக்கலாம்?" என்று கேட்டாள். யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பெரியப்பா யாரோடும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

குறித்த தேதியில் அந்தக் கல்யாணம் நடந்தது. அபியின் அம்மா பத்திரிகை கொண்டுவந்து வைத்திருந்தாள். மேற்பார்வைக்குப் போனதாகப் பதிவேட்டில் எழுதினேன். உண்மையைச் சொன்னால், என்னதான் நடக்கிறது என்று பார்க்கிற ஆவல் தாங்கவில்லை.

மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக் கூடம் திறந்தார்கள். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. அதுதான் முறை. பெண் வீட்டுப் பிள்ளைகள் கடைசியில்தான் உட்காரும். அபி அப்பாவோடு கூடத்து ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் கையில் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ பெரியப்பா வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு பெரியப்பா."

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, சம்பந்திகள் வரிசையின் நடுவில் ஓர் இலையின் முன்னால் உட்கார வைத்தார். பக்கத்து இலைக்காரர் ஒருவர், "என்னங்க, புள்ளைக்கு ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டார். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. 

"சக்கரைங்க. ஊசி போட்டா அரை மணி நேரத்துல சாப்புட்டாவணும். கவர்மென்ட் ஆர்டரு. மீறுனா என்னையக் கொண்டுபோயி ஜெயில்ல போட்டுடுவாங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அந்த உத்தரவில் ஜெயில் என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது. என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் திருத்தப் போகவில்லை.

"அட, எங்க சித்தப்பாவுக்கும் ரெண்டு வேளை ஊசிதாங்க" என்றார் பக்கத்து இலைக்காரர், பொரியலைப் பிசைந்துகொண்டே. பெரியப்பாவும் அபிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பரிமாறுகிறவன் ஒவ்வொரு இலையிலும் ஜாங்கிரி வைத்துக்கொண்டே வந்தான். அபி தன் இலையில் விழுந்ததை எடுத்துப் பெரியப்பா இலையில் வைத்தாள். அவர் அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோத்தக் கொண்டாப்பா, புள்ளைக்கு நேரமாவுது" என்று கத்தினார்.